ஆணியின் நிழலும் நூலகத்தின் வாசலும்

டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. சுவரின் மேல்பகுதியில் ஓர் ஆணி அடித்திருக்கும். இடப்பக்கத்துச் சன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் அந்த ஆணிக்கு ஒரு மெல்லிய நிழல் விழும். முழு ஓவியமே 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம்தான். அதில் அந்த ஆணி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் அச்சான படத்தில் அது ஒரு தூசி மாதிரித் தெரியும். தேடுபொறி காட்டும் சின்னப் படத்தில் தெரியவே தெரியாது. நல்ல தெளிவுள்ள டிஜிட்டல் படத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால்தான் ஆணி, அதன் நிழல், பக்கத்தில் பழைய ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க இந்த மாதிரிச் சங்கதிகள்தான். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் வீட்டுக்குள் வரும் சன்னல் வெளிச்சம் சுவரில் என்ன செய்கிறது என்பது கேள்வி. ஆக, பெரிதாக்கிப் பார்க்க முடியாத படம் எனக்கு வெறும் அடையாளம் மட்டுமே. இயலை எழுதி முடிக்க வளாகத்தைவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்ததோ அந்த அடையாளங்கள் மட்டும்தான்.

வளாகத்தில் இருந்தவரை இதைப் பற்றி யோசித்ததே இல்லை. மடிக்கணினியைத் திறப்பேன், பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கும் படநூலகத் தளத்துக்குப் போவேன், ஓவியரின் பெயரைத் தட்டுவேன், படம் வந்துவிடும். பாஸ்வேர்ட்கூட யாரும் கேட்டதில்லை. அதனால் அது எல்லோருக்கும் திறந்திருக்கும் தளம் என்றே மனதில் பதிந்துவிட்டது. வீட்டில் அதே தளத்தைத் திறந்தால் விரல் நகம் அளவுக்கு ஒரு படம், அதன் கீழே 'உங்கள் நிறுவனத்தின் வழியாக உள்நுழையுங்கள்' என்று ஒரு வரி.

எனக்கு அந்தத் தளத்தில் சொந்தக் கணக்கு இருந்தது. படங்களைத் தொகுத்து வைக்க வளாகத்தில் இருக்கும்போது உருவாக்கியது. அதில் லாகின் செய்தேன். என் பெயர் வந்தது, நான் தொகுத்த படங்களின் பட்டியலும் வந்தது. எந்தப் படத்தைத் தொட்டாலும் மறுபடி அதே வரி. பாஸ்வேர்டை மாற்றினேன், வேறு பிரவுசரில் முயன்றேன், புதிதாக இன்னொரு கணக்குகூடத் தொடங்கினேன். இரண்டு நாள் இப்படியே போனது.

நான் புரிந்துகொள்ளாமல் இருந்தது இதுதான்: தளத்தில் நாம் தொடங்கும் கணக்கு வேறு, நிறுவனம் கட்டும் சந்தா வேறு. கணக்கு என்பது நம் பொருளை வைத்துக்கொள்ளும் அலமாரி. படத்தைப் பார்க்கும் உரிமை நம் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. சில தளங்கள் வளாகத்துக்குள்ளிருந்து ஒருமுறை லாகின் செய்தால் அந்தக் கணக்கையும் நிறுவனத்தையும் சில மாதங்களுக்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். தவணை முடிந்ததும் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். 'போன மாதம் வீட்டிலிருந்தே வந்ததே, இப்போது ஏன் வரவில்லை' என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மறுபடி ஒருமுறை நிறுவனத்தின் வழியாக நுழைந்தால் முடிச்சு புதுப்பிக்கப்படும்.

மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போன் செய்தேன். மின்வளங்களைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் எடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தளத்துக்கு எப்படிப் போனீங்க?"

"பெயரைத் தேடி, நேரா போனேன் மேடம்."

"அதான் விஷயம். நேரா போனா அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது. நூலகப் பக்கத்துல இருந்து கிளம்புங்க."

வளாகத்தில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்ததற்குக் காரணம் ஐபி முகவரி. இணையத்தில் எந்தத் தளத்துக்குப் போனாலும் நம் பின்னால் ஓர் எண் போகும். வளாகத்தின் இணைப்புக்குச் சொந்தமான எண்களை நூலகம் சந்தா எடுக்கும்போதே அந்தத் தளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும், வருபவர் துணைவேந்தரா முதலாண்டு மாணவரா என்று பார்ப்பதில்லை. வீட்டு இணைப்பின் எண் நமக்கு இணையம் தரும் நிறுவனத்துடையது, அது அந்தப் பட்டியலில் இருக்காது. இதில் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினியின் அமைப்புகளில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் தெரியும். அது வீட்டு ரௌட்டருக்கும் கணினிக்கும் இடையில் மட்டும் செல்லுபடியாகும் எண், வெளியுலகத்துக்குத் தெரியாது. நான் அதைக் குறித்து நூலகத்துக்கு அனுப்பி 'இதைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்' என்று கேட்டிருந்தேன். அப்படிச் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதை நூலகர்தான் பொறுமையாக விளக்கினார்.

ஆக, வெளியிலிருந்து நுழைய வேண்டுமானால் ஒன்று வளாகத்தின் எண்ணை அணிந்துகொண்டு போக வேண்டும், இல்லையென்றால் எண்ணை விட்டுவிட்டு நாம் யார் என்று வேறு வழியில் காட்ட வேண்டும். விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வளாகத்தின் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு), ப்ராக்ஸி, நிறுவன லாகின் என்று கேள்விப்படுவதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

விபிஎன்னில்தான் எனக்கு ஒரு முழு மாலை வீணானது. பல்கலைக்கழகம் தரும் செயலியைப் போட்டேன், 'இணைக்கப்பட்டது' என்று பச்சையாகக் காட்டியது. படநூலகம் மட்டும் அசையவில்லை. காரணம் ஸ்பிளிட் டனல் என்ற ஏற்பாடு. அந்த விபிஎன் பல்கலைக்கழகத்தின் சொந்த சர்வர்களுக்குப் போகும் போக்குவரத்தை மட்டும்தான் வளாகத்தின் வழியாக அனுப்பும், மற்றதையெல்லாம் நேராக வீட்டு இணைப்பிலேயே விட்டுவிடும். வளாகத்தின் இணைப்பில் நெரிசல் வரக்கூடாது என்பதற்காகப் பல இடங்களில் இப்படித்தான் அமைக்கிறார்கள். படநூலகத்தின் சர்வர் வெளியே இருப்பதால் அதற்குத் தெரிவது நம் வீட்டு எண்தான். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. விபிஎன்னைப் போடுவதற்கு முன்னும் போட்ட பின்னும் 'என் ஐபி முகவரி என்ன' என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் அந்த விபிஎன் இந்த வேலைக்கு உதவாது. சில செயலிகளில் எல்லாப் போக்குவரத்தையும் வளாகத்தின் வழியே அனுப்பும் இன்னொரு இணைப்பு பட்டியலில் இருக்கும், இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் செயலியில் அது இல்லை.

நூலகர் சொன்ன வழி ப்ராக்ஸி. நூலகங்களில் பரவலாக இருப்பது ஈசிப்ராக்ஸி என்ற மென்பொருள். கிறிஸ் ஜாகர் என்ற நூலகர் 1999இல் உருவாக்கியது, 2008இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு அதை வாங்கிக்கொண்டது. இதை எழுதியவர் ஒரு நூலகர் என்று தெரிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. வாசலில் நிற்கிற வாசகரின் தவிப்பைத் தினமும் பார்த்தவர் செய்த வேலை அது.

அது வேலை செய்யும் விதம் சுலபம். நாம் நூலகத்தில் லாகின் செய்கிறோம். அதன்பிறகு ப்ராக்ஸி நமக்குப் பதிலாகப் படநூலகத்துக்குப் போய்ப் பக்கத்தை வாங்கி நமக்குத் தருகிறது. படநூலகத்துக்குத் தெரிவது ப்ராக்ஸியின் எண், அது வளாகத்தின் எண். நாம் ப்ராக்ஸிக்குள் இருக்கிறோமா இல்லையா என்பதை முகவரிப் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தளத்தின் பெயருக்குப் பின்னால் நம் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டியிருக்கும், தளத்தின் பெயரில் புள்ளிகள் இருந்த இடத்தில் சிறு கோடுகள் இருக்கும். இந்தக் கோடுகளை முதலில் பார்த்தபோது போலித் தளமோ என்று பயந்தேன். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் பெயரின் ஓர் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும், அதனால் பல அடுக்குள்ள பெயரைக் கோடு போட்டு ஒரே அடுக்காக்குகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இப்போது அந்தக் கோடுகள் கண்ணில் பட்டால்தான் எனக்கு நிம்மதி.

இன்னொரு பயனுள்ள விஷயம். ப்ராக்ஸி முகவரியின் முன்பகுதி எப்போதும் ஒன்றுதான், பின்னால் நமக்கு வேண்டிய தளத்தின் முகவரியை ஒட்டினால் போதும். பல நூலகங்கள் இதையே ஒரு பொத்தானாக்கிக் கொடுக்கின்றன. அதைப் பிரவுசரின் புக்மார்க் வரிசையில் இழுத்துப் போட்டுவிட்டால், எங்கேயாவது ஒரு படத்தின் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்போது ஒரு சொடுக்கில் அதே பக்கத்தை ப்ராக்ஸி வழியாகத் திறக்கலாம். நூலகப் பக்கத்துக்குப் போய் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. தினமும் நாற்பது ஐம்பது படம் பார்க்கிற எனக்கு இது பெரிய வரம்.

சரி, ப்ராக்ஸியில் நுழைந்துவிட்டேன். தேடினேன், பக்கம் வந்தது, தலைப்பு வந்தது, ஓவியரின் பெயர், ஆண்டு, அளவு, எந்த அருங்காட்சியகம் என்ற விவரமெல்லாம் வந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரை படிக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை அதிகம் வராது, படநூலகத்தில்தான் வரும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுள்ள தளங்கள் ஒரு படத்தை மொத்தமாக அனுப்புவதில்லை. சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். நாம் எந்த மூலையை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அதற்கான துண்டுகளை மட்டும் அனுப்பும். ஆயிரக்கணக்கான பிக்சல் அகலமுள்ள படம் சாதாரண இணைப்பிலும் சட்டென்று திறப்பது இதனால்தான். அந்தத் துண்டுகள் பெரும்பாலும் வேறொரு சர்வரில், வேறொரு பெயரில் இருக்கும். ப்ராக்ஸியோ தனக்குச் சொல்லப்பட்ட தளப் பெயர்களுக்கு மட்டும்தான் நமக்காகப் போகும். பக்கத்தின் பெயர் பட்டியலில் இருந்து, துண்டுகள் உள்ள சர்வரின் பெயர் விட்டுப்போயிருந்தால் விவரம் வரும், படம் வராது.

இதை நான் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. 'படம் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினால் நூலகருக்கும் ஒன்றும் புரியாது என்று நினைத்து, பிரவுசரில் எப்12 விசையை அழுத்தினால் வரும் பெட்டியைத் திறந்தேன். சிவப்பில் சில வரிகள் இருந்தன, எல்லாவற்றிலும் ஒரே சர்வரின் பெயர். அந்தப் பெட்டி, முகவரிப் பட்டை இரண்டும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். எந்தப் படம், எத்தனை மணிக்கு, எந்தப் பிரவுசர், விபிஎன் போட்டிருந்தேனா என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. தளம் தன் பட சர்வரை மாற்றியிருக்கிறது, ப்ராக்ஸியின் அமைப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம், பாருங்கள் என்று. பார்த்தேன். சாம்பல் சதுரம் இருந்த இடத்தில் வெளிச்சம் வந்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு மூடிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்ப்பவர் சொன்னால்தான் நூலகத்துக்கே தெரியும். வளாகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தானே தெரிகிறது!

எல்லா நூலகமும் ப்ராக்ஸி வைத்திருப்பதில்லை. பல தளங்களில் 'நிறுவனத்தின் வழியாக உள்நுழைக' என்ற பொத்தானே வழி. அதன் பின்னால் ஷிபோலெத், ஓப்பன் ஏதென்ஸ் போன்ற ஏற்பாடுகள் இருக்கும். ஷிபோலெத் என்ற பெயருக்குப் பின்னால் விவிலியக் கதை ஒன்று இருக்கிறது. நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத்துறையைக் கடக்க வருகிறவர்களை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். 'ஷி' வராமல் 'சி' என்று சொன்னால் எதிரிக் குலத்தவன் என்று பிடித்துவிடுவார்கள். கொடூரமான கதைதான், ஆனால் 'நீ எந்த ஊர்க்காரன் என்பதைக் காட்டு, உள்ளே விடுகிறேன்' என்ற வேலைக்குப் பொருத்தமான பெயர்.

இந்த வழியில் இடறுகிற இடம் நிறுவனப் பட்டியல். ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும். நம் பல்கலைக்கழகத்தின் பெயர் பழைய வடிவத்தில் இருக்கலாம், சுருக்கமாக இருக்கலாம், மருத்துவக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி என்று தனித்தனியாகவும் இருக்கலாம். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் சந்தா இல்லை என்றே காட்டும். பிரவுசர் அந்தத் தவறான தேர்வை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அங்கேயே கொண்டுபோய் விடும். அப்படி மாட்டினால் அந்தத் தளத்தின் குக்கீகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, நம் பாஸ்வேர்ட் படநூலகத்தின் கைக்குப் போவதே இல்லை. தளம் நம்மை நம் நிறுவனத்தின் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே நாம் நுழைந்ததும் 'இவர் எங்கள் ஆள்தான்' என்று நிறுவனம் தளத்துக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்திருக்கிறேன்: பாஸ்வேர்டைத் தட்டுவதற்கு முன் முகவரிப் பட்டையில் இருப்பது என் நிறுவனத்தின் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பேன். 'உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகப் போகிறது, இங்கே சொடுக்குங்கள்' என்று வரும் மின்னஞ்சல்களை நம்பவே நம்பாதீர்கள். நூலக லாகின் பக்கம் மாதிரியே போலிப் பக்கம் செய்து பாஸ்வேர்ட் திருடுவது உலகம் முழுக்க நடக்கிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கணக்குகளை இப்படித் திருடியதாக 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது பேர்மீது வழக்கே தொடர்ந்தது.

சின்னச் சின்ன இடறல்களையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தடுப்பான் படம் திறக்கும் சாளரத்தையே தடுக்கும். எண்ணை மறைக்கும் தனியுரிமை வசதிகள் சில பிரவுசர்களிலும் போன்களிலும் இருக்கின்றன, விபிஎன் வழியாகப் போகும்போது அவற்றை அணைத்துவிட வேண்டும். ப்ராக்ஸியின் அமர்வு கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் முடிந்துவிடும், எங்கள் நூலகத்தில் இரண்டு மணி நேரம். அதனால் குறிப்புகளைத் தளத்தின் பெட்டியில் எழுதாமல் தனிக் கோப்பில் எழுதுங்கள், நான் ஒருமுறை அரைப் பக்கம் இழந்தேன். போனில் வரும் சரிபார்ப்பு எண் ஏற்கப்படவில்லை என்றால் போனின் கடிகாரம் தானாகச் சரிசெய்யும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், நான் செய்த தவறு. வழி திறந்த மகிழ்ச்சியில், இந்த வழி மறுபடி அடைபட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்துகொள்ள, பக்கத்திலுள்ள படங்களையெல்லாம் மொத்தமாக இறக்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டு இரவு ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் என் நூலகக் கணக்கு முடங்கியிருந்தது. பத்து மணிக்கு நூலகரே அழைத்தார்.

"ராத்திரி ஏதாவது மொத்தமா டவுன்லோடு பண்ணீங்களா?"

"ஆமா மேடம். படம் போயிடுமோன்னு பயந்து..."

"புரியுது. ஆனா ப்ராக்ஸிக்கு ஒரே நம்பர்தான். அவங்க அந்த நம்பரை அடைச்சா உங்களுக்கு மட்டும் இல்ல, வெளியில இருக்கிற எல்லாருக்கும் போயிடும்."

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வெளியூரில் களப்பணியில் இருக்கும் மாணவர்கள், உடம்பு முடியாமல் வீட்டிலிருந்து படிப்பவர்கள், தேர்வுக்கு முந்தைய நாள் படம் தேடுபவர்கள் என்று அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. சந்தா ஒப்பந்தங்களில் இயந்திரம் வைத்து மொத்தமாக இறக்கக்கூடாது என்று பொதுவாகவே ஒரு விதி இருக்கும். வேகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, நீட்சியை நீக்கிவிட்டதாக எழுதிக் கொடுத்தேன், மறுநாள் கணக்கு திரும்ப வந்தது. இப்போது எழுதும் பத்திக்குத் தேவையான படத்தை மட்டும், தேவைப்படும்போது, கையால் இறக்குகிறேன். நிறைய படம் நிஜமாகவே தேவை என்றால் நூலகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தளத்திடம் அனுமதி கேட்டு வாங்கித் தர அவர்களால் முடியும்.

அந்தப் போன் பேச்சின் கடைசியில்தான் அவர் கேட்டார், "நீங்க முதல்ல தேடினது எந்தப் படம்?" சொன்னேன். "அதுக்குச் சந்தாவே வேண்டாமே!" என்றார்.

'பால் ஊற்றும் பெண்' ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் 2012 அக்டோபரில் 1,25,000 படைப்புகளின் உயர்தரப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்த ஓவியத்தின் மஞ்சள் பாய்ந்த மட்டமான நகல்கள் இணையமெங்கும் பரவி, அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டைகளின் நிறத்தையே மக்கள் நம்பாத நிலை வந்ததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம். நான் ஐந்து நாள் போராடிய படம் இத்தனை காலமும் ஒரு சொடுக்கு தூரத்தில் இருந்திருக்கிறது.

அதனால் இப்போது என் வரிசை மாறிவிட்டது. முதலில் அந்த ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன், அவர்கள் தளத்தில் நல்ல படம் கிடைக்கிறதா என்று தேடுவேன். கிடைக்காதபோதுதான் சந்தாத் தளம். சந்தாத் தளத்தின் தேவை இதனால் குறைந்துவிடவில்லை. தனியார் கையில் இருக்கும் ஓவியங்கள், படங்களைத் திறந்துவிடாத அருங்காட்சியகங்களின் படைப்புகள், கட்டடங்களின் பழைய புகைப்படத் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு எனக்கு வேறு வழியில்லை. இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கும் அங்கேதான் போகிறேன். பழைய வழிகாட்டிகளில் ஆர்ட்ஸ்டோர் என்ற படநூலகத்தின் பெயர் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அந்தத் தனித்தளம் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, படங்கள் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்துக்குள் வந்துவிட்டன, உள்நுழையும் வழியும் இப்போது ஜேஸ்டோரின் வழிதான்.

படத்தை இறக்கும்போது அளவைக் கட்டாயம் பாருங்கள். சில படங்கள் நீண்ட பக்கம் 1024 பிக்சல் என்ற அளவில்தான் இறங்கும். திரையில் அது அழகாகத் தெரியும், அச்சுக்கு வழக்கமான ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் சுமார் 8.7 செ.மீ.க்கு மேல் தாங்காது. 15 செ.மீ. வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,770 பிக்சல் தேவை. கோப்பின் பெயரை அப்படியே விடாதீர்கள், ஓவியர், தலைப்பு, அருங்காட்சியகப் பதிவு எண், இறக்கிய தேதி என்று அப்போதே மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எண்களாக இருக்கும் இருநூறு கோப்புகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. இன்னொன்று, ஆய்வேட்டிலும் வகுப்பிலும் பயன்படுத்தத் தளம் தரும் அனுமதி புத்தகமாக வெளியிட உதவாது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமை விவரம் இருக்கும், அதையும் குறிப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

என் நெறியாளருக்கு ஒரு படத்தின் இணைப்பை அனுப்பியபோது இன்னொன்றும் கற்றேன். அவர் அந்த மாதம் வேறொரு பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். நான் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து அனுப்பியது என் ப்ராக்ஸியின் முகவரி. அவர் திறந்ததும் லாகின் பக்கம்தான் வந்தது, அங்கே அவருக்கு எந்தக் கணக்கை வைத்து நுழைவது என்று தெரியவில்லை. படத்தின் பக்கத்திலேயே 'நிலையான இணைப்பு' என்று ஒன்று தந்திருப்பார்கள். அனுப்புவதற்கும் அடிக்குறிப்பில் போடுவதற்கும் அதுதான் சரி. அவரவர் நூலகத்தின் வழியாக அவரவர் திறந்துகொள்ளலாம்.

போன வாரம் நூலகரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு என் நுழைவு எத்தனை நாள் இருக்கும்? பதிவு முடியும் தேதியோடு வெளியிலிருந்து நுழைவது நின்றுவிடும் என்றார். ஆனால் நூலகத்துக்கே நேரில் வந்தால் அங்கிருக்கும் கணினியில் யார் வேண்டுமானாலும் பார்க்க எங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதாம். உங்கள் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நுழைவு நிற்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்னால் 'தொகுப்புப் பட்டியலை ஏற்றுமதி செய்ய வேண்டும்' என்று எழுதி வைத்தேன்.

ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் 2022இல் அந்த வெள்ளைச் சுவருக்கு அடியில் வேறு பொருட்கள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவள் தலைக்குப் பின்னால் குடங்கள் தொங்கும் ஒரு பலகையையும், கீழே தணல் வைத்துத் துணி உலர்த்தும் ஒரு நெருப்புக் கூடையையும் வெர்மீர் முதலில் வரைந்து, பிறகு மூடிவிட்டிருக்கிறார். பலகையை எடுத்தவர் ஆணியை மட்டும் விட்டு வைத்தார், அதற்கு நிழலும் கொடுத்தார். நேற்று இரவு அந்தப் படத்தை ஒரு சாளரத்திலும், சந்தாத் தளத்திலிருந்து இன்னொரு ஓவியரின் வெறுஞ்சுவரை மறு சாளரத்திலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இயலின் முதல் பத்தியை அந்த ஆணியிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறேன்.